தள்ளிப்போடத் தெரிந்த பிள்ளைக்குப் ‘புட் ஆஃப்’ வராதா?



ஃபிரேசல் வெர்ப் எனப்படும் ஆங்கிலக் கூட்டுவினைகள் நூற்றை அகர வரிசையில் அடுக்கி, எதிரே பொருளெழுதி, ‘திங்கட்கிழமைக்குள் மனனம் செய்து வா’ என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையிடம் நீட்டும் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிந்தது. 2017 முதல் படிப்படியாக வந்த சி.இ.எஃப்.ஆர். பாடத்திட்டமோ மொழியைப் பயன்பாட்டில் வைத்துக் கற்பிக்கச் சொல்கிறது. பட்டியல் மட்டும் ஒழிந்தபாடில்லை.

அதில் டேக் ஆஃப், டேக் இன், டேக் அப், டேக் ஓவர் என அடுத்தடுத்து நிற்கும். ஒரே முகச்சாயலுள்ள நால்வரை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் யார் பெயர் நினைவில் நிற்கும்? டேக் ஆஃப் என்பதற்குக் ‘கழற்று’ என்று ஒரே பொருள்தான் எழுதியிருக்கும். விமானமும் டேக் ஆஃப் ஆகிறதே, அது எதைக் கழற்றுகிறது என்று பிள்ளை கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்?

இதைவிடச் சினமூட்டுவது வேறொன்று. ‘தமிழில் நினைப்பதால்தான் ஆங்கிலம் வரவில்லை, வீட்டிலும் தமிழை நிறுத்துங்கள்’ என்று பெற்றோருக்கு அறிவுரை கூறுவோர் ஆசிரியர்களிடையேயும் உளர். அவர்கள் தமிழ் வினைகளைச் சற்று உற்று நோக்கட்டும். கூட்டத்தைத் ‘தள்ளிப்போடும்’போது நாம் எதையும் தள்ளுவதுமில்லை, போடுவதுமில்லை. புட் ஆஃப் என்பதும் அவ்வாறே. ‘தம்பியைப் பார்த்துக்கொள்’ என்று தாய் சொன்னால், பிள்ளை அவனை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. லுக் ஆஃப்டர் அதுதான். கிவ் அப் நம் ‘கைவிடு’. சொற்கள் கூடும்போது புதுப்பொருள் பிறக்கும் என்னும் நுட்பம் பள்ளிக்கு வருமுன்பே பிள்ளையின் நாவில் ஏறிவிட்டது. அதைத் துணைகொள்ளாமல் துரத்துவது எவ்வகை அறிவு?

தமிழ் உதவாத இடமும் உண்டு. பாடவேளையை அங்கேதான் செலவிட வேண்டும். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ பிழை. ஆனால் ‘லுக் ஆஃப்டர் இட்’ சரி, ‘லுக் இட் ஆஃப்டர்’ பிழை. இட், ஹிம், தெம் போன்றவை சில வினைகளின் நடுவே புகுந்தே ஆகவேண்டும். சிலவற்றில் புகவே கூடாது. நான் கண்ட பட்டியல் எதுவும் இதைக் காட்டியதில்லை. நண்பனுக்கு எழுதும் மடலில் புட் ஆஃப் வரலாம், தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் போஸ்ட்போன் பொருந்தும் என்பதையும் அது சொல்லாது.

வாரத்திற்கு மூன்று வினைகள் போதும், பிள்ளை தன் வீட்டுக் கதையிலேயே அவற்றை வைத்துப் பேசட்டும். பெற்றோர்களே, கடையில் பயிற்சி நூல் வாங்குமுன் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வினைக்கும் ஒரு முழு வாக்கியமாவது இல்லையெனில், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.