‘பின்னாடி எடுங்கம்மா!’

டூ வீலர் லைசென்ஸுக்கு ‘எட்டு’ எப்படியோ, காருக்கு ரிவர்ஸ் அப்படி. மைதானத்தை ஜம்மென்று சுற்றி வந்தவர்களுக்குக்கூட, இன்ஸ்பெக்டர் ‘பின்னாடி எடுங்கம்மா’ என்றதும் உள்ளங்கை வியர்த்துவிடும்.

இது இன்ஸ்பெக்டர் சோதிப்பதற்காகச் சொல்லும் வேலை இல்லை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 15-வது விதியிலேயே இருக்கிறது. குறுகலான இடத்துக்குள் வலப்பக்கமோ இடப்பக்கமோ, வண்டியைக் கட்டுப்பாட்டோடும் ஓரளவு துல்லியமாகவும் ரிவர்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். ‘ஓரளவு’தான். நூல் பிடித்த மாதிரி நிறுத்தச் சொல்லி விதி கேட்கவில்லை.

பல டிரைவிங் ஸ்கூல்களில் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். “மூணாவது கம்பம் ஜன்னல்ல தெரிஞ்சதும் ஃபுல்லா ஒடிங்க மேடம்.” அந்த மைதானத்தில், அந்த காரில் இது பலிக்கும். லைசென்ஸும் கிடைத்துவிடும். ஆனால், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மூணாவது கம்பம் ஏது? லைசென்ஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, காரை நிறுத்த மட்டும் கணவரையோ வாட்ச்மேனையோ கூப்பிடும் பெண்கள் எத்தனை பேர்! கற்றுக்கொடுத்தவர் கம்பத்தைக் காட்டினாரே தவிர, கார் எப்படித் திரும்புகிறது என்று காட்டவில்லை.

விஷயம் இவ்வளவுதான். ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால், காரின் பின்பக்கம் இடப்பக்கம் போகும். அதே நேரத்தில் மூக்குப் பகுதி வலப்பக்கம் வீசும். பின்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பின்னால் சுவரில் இடிக்காமல் தப்பித்து, முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் காரில் கீறிவிடுவது இப்படித்தான். சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரே வேண்டாம், ஆஃப் கிளட்ச் போதும். எறும்பு வேகத்தில் ஊர்ந்தால் தப்பைத் திருத்த நேரம் கிடைக்கும். கோணலாகப் போய்விட்டால், வீட்டில் கொஞ்சம் முன்னால் எடுத்து நேராக்கிக்கொள்ளலாம்.

மைதானத்தில் இல்லாத ஆபத்து ஒன்று வீட்டு வாசலில் இருக்கிறது. டிக்கியை ஒட்டிக் குட்டிக் குழந்தை உட்கார்ந்திருந்தால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அதற்கு முந்தைய கார்கள் எத்தனையோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சென்சார் இருந்தாலும், ஏறுவதற்கு முன் காரை ஒருமுறை சுற்றி வந்து பின்னால் குனிந்து பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பேரன் எங்கே, பேத்தி எங்கே என்று ஒரு குரல் கொடுத்துவிட்டும் ஏறலாம்.

டெஸ்ட்டில் தவறிவிட்டால், 7 நாள் கழித்துத்தான் மறுபடி போக முடியும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும் என்பதால் பதற வேண்டியதில்லை. காலி மைதானம் ஒன்றும், மணல் நிரப்பிய நான்கு பழைய தண்ணீர் கேன்களும் போதும். ஒரு கார் நிற்கும் அளவுக்கு நான்கு மூலைகளிலும் கேன்களை வைத்துப் பழகலாம். முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு வேண்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கத்தாதவராக இருந்தால் இன்னும் விசேஷம். முதல் நாள் இரண்டு கேன் நசுங்கும். நசுங்கட்டும்.