புலி மட்டும் சுவத்துல

நெட்டுல பழைய விலங்குப் படம் தேடினா, ஜான் கூல்டோட 'ஆஸ்திரேலியாவின் பாலூட்டிகள்' புத்தகத்துல இருந்து உருவின தாள்கள் விலைக்கு வருது. கங்காரு, வாலபி, வாம்பாட்னு வயித்துல பை வச்ச கூட்டமே இருக்கு. 1845ல இருந்து 1863 வரைக்கும் பகுதி பகுதியா வந்த புத்தகம், மொத்தம் 182 படம். கல்லச்சுல அடிச்சு, ஒவ்வொரு பிரதிக்கும் ஆளுங்க உக்காந்து கையால வண்ணம் தீட்டியிருக்காங்க. அழகுதான், மறுக்கலை.

ஆனா புத்தகத்தைப் பிரிச்சுத் தாள் தாளா விக்கிறது எனக்குப் பிடிக்கலை.

டாஸ்மானியப் புலியையே எடுத்துக்குங்க. அந்தப் படத்துக்கான விளக்கத்துல, தீவுல ஜனங்க பெருகப் பெருக இது அழிஞ்சுடும், இங்கிலாந்து ஓநாய் மாதிரி பழங்கதை ஆயிடும்னு கூல்ட் அப்பவே எழுதிட்டார். யார் கேட்டாங்க? 1888ல இருந்து 1909 வரை, வளர்ந்த புலி ஒண்ணைக் கொன்னா ஒரு பவுண்டுன்னு டாஸ்மானிய அரசாங்கமே காசு கொடுத்துச்சு. 2,184 தடவை பட்டுவாடா! 1936 ஜூலை 10ல பாதுகாப்பு கொடுத்தாங்க. சரியா 59வது நாள், ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில இருந்த கடைசிப் புலியும் செத்துப்போச்சு.

தாளை மட்டும் வாங்குறவருக்கு அந்த எழுத்து பெரும்பாலும் கூட வராது. பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, வார்னிங்கை டெலீட் பண்ணிட்டு ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ஃப்ரேம் போடுற கதை :-(

'முழு செட்டு வாங்க யாருக்குய்யா வசதி?'ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா மொத்தப் புத்தகமும் ஸ்கேன் பண்ணி இலவசமாவே கிடைக்குதே! அதுல இருந்து ஒரு பிரிண்ட் போட்டு மாட்டிக்குங்க. பக்கத்துலயே கூல்ட் எழுதினதையும் மாட்டுங்க.