ஒரே திரை, ரெண்டு பேர்

'வீடியோ கேம் ஆடினால் பிள்ளை உருப்படாது' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள் சார்.

1987-ல் கொனாமி வெளியிட்ட 'கான்ட்ரா'வில் அருவி ஏறும் கட்டம் ஒன்று உண்டு. துப்பாக்கிச் சத்தம் ஜாஸ்திதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இருவருக்கும் ஒரே திரை. நீங்கள் முந்திக்கொண்டு மேலே தாவினால் திரையும் கூடவே ஏறும். கீழே நிற்கும் கூட்டாளி காலி!

2017-ல் வந்த 'கப்ஹெட்' 1930-களின் கார்ட்டூன் பாணி. அதில் செத்த தோழன் ஆவியாக மேலே மிதப்பான். திரையைத் தாண்டுவதற்குள் எட்டிக் குதித்துத் தட்டினால் பிழைப்பான்.

நாம் பிள்ளைக்குச் சொல்லித்தருவது என்ன? பக்கத்து பெஞ்சுக்காரனை முந்து!

திட்டுவதை விட்டுவிட்டு, இன்னொரு கன்ட்ரோலரோடு அவன் பக்கத்தில் உட்காருங்கள். அருவியில் தெரிந்துவிடும், உருப்படாதவர் யாரென்று!