விமானத்தைத் துடைக்கிறது சின்ன வேலையா?

சின்ன விமானங்களுக்கு மெழுகு பூசுவாங்க, தெரியுமா மக்களே? "பளபளப்புக்குத்தானே"ன்னு நினைக்காதீங்க. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. ஒரு சின்ன த்ரெட்.

1/ செஸ்னா 172 மாதிரி நாலு பேர் போற விமானத்தோட உடம்பு அலுமினியத் தகடு. பெயிண்ட்தான் அதுக்குத் தோல். வெயில்லயே நின்னா பெயிண்ட் வெளுத்து, தொட்டா சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டும். உரிஞ்ச இடத்துல ஈரமும் கடற்காத்து உப்பும் சேர்ந்து தகட்டை அரிக்கும்.

2/ மெழுகு பெயிண்டுக்கு மேல ஒரு மெல்லிய படலம். முதல் அடியை அது வாங்கிக்கும். இறக்கையில மோதி ஒட்டுற பூச்சிகளும் சுலபமா துடைபடும். ஆனா பெயிண்ட் கொப்புளிச்சு நின்னா அடியில அரிப்பு இருக்கலாம். அதை மெழுகால மறைக்கிறது, சீழ் வச்ச புண்ணு மேல பவுடர் போடுற கதைதான். மெக்கானிக் பார்க்கணும்.

3/ கையால தேய்க்கும்போது விமானம் முழுக்கக் கை படும், கண்ணும் படும். தளர்ந்த ரிவெட், மெல்லிய விரிசல் எல்லாம் அப்போதான் தெரியும். அதனால அதுவும் ஒரு பரிசோதனைதான்.

4/ இப்போ ஆபத்துக்கு வருவோம். விமானத்தோட பக்கவாட்டுல 'ஸ்டேட்டிக் போர்ட்'னு ரொம்பச் சின்னத் துளை இருக்கும். உயரமானியும் வேகமானியும் அது வழியா வர்ற காற்றழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்யும். மெழுகு அடைச்சாலோ, பாதுகாப்புக்கு ஒட்டின டேப்பை எடுக்க மறந்தாலோ ரெண்டும் பொய் சொல்லும்.

5/ பெரிய விமானத்துலயே இது நடந்திருக்கு. 1996 அக்டோபர் 2, பெரு நாடு. சுத்தம் செய்யும்போது ஒட்டின டேப்பை எடுக்காமலே ஏரோபெரு 603 லிமாவிலிருந்து ராத்திரியில கிளம்புச்சு. உயரமும் வேகமும் தெரியாம கடல்ல விழுந்து, அதுல இருந்த 70 பேரும் இறந்துட்டாங்க. டேப்பை ஒட்டினவர் மட்டுமா தவறவிட்டார்? கிளம்பும் முன்னாடி நடந்த சோதனையிலும் அது யார் கண்ணுலயும் படலை.

6/ ஆபரேஷன் தியேட்டர்ல பஞ்சு, ஊசி, கருவி எல்லாத்தையும் எண்ணி, வாய்விட்டுச் சொல்லுவோம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பட்டியல்லயும் அது இருக்கு. எண்ணுறது யார் மேலயும் சந்தேகப்பட்டு இல்லை. மனுஷ மூளை மறக்கும், அவ்வளவுதான்.

7/ என் கருத்து இதுதான்: மெழுகு பூசுறவருக்கும் அதே மரியாதை, அதே பட்டியல் வேணும். எத்தனை துளை மூடினோம், எத்தனை திறந்தோம்னு எழுதுங்க. இன்னொருத்தர் சரிபார்க்கட்டும். மூடி பளிச்சுனு சிவப்பா இருக்கட்டும்.

"துடைக்கிற வேலைதானே"ன்னு ஒருத்தரை அவசரப்படுத்தும் முன்னாடி அந்த 70 பேரை நினைச்சுக்கோங்க.