மூச்சை இழுத்துவிட்டால் டார்கெட் குறையுமா?

மனசைப் பழக்கிக்கொண்டால் எந்த வேலையையும் தாங்கிவிடலாம் என்கிறார்கள். இதை முதலாளி சொன்னால் புரிகிறது. வேலை பார்க்கிறவர்களே நம்பத் தொடங்கிவிட்டதுதான் கொடுமை. களைத்துப்போனால் தன் மனசில்தான் கோளாறு என்று தியான வகுப்பைத் தேடுகிறார்கள்.

அரசும் இதற்கு ஒத்து ஊதுகிறது. 2021-ல் ஆயுஷ் அமைச்சகம், பணியிடத்தில் ஐந்து நிமிட யோகா செய்ய 'ஒய்-பிரேக்' செயலியைக் கொண்டுவந்தது. 2024-ல் புனேவில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தின் 26 வயது ஊழியர் இறந்தார். வேலைப்பளுவே காரணம் என்று தாயார் குமுறினார். அப்போது நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றார். செத்தவர் வீட்டுக்குப் பாடம். வேலை வாங்கியவருக்கு ஒன்றுமில்லை!

திண்டுக்கல் சீமையில் இந்தப் பேச்சு எடுபடாது. வேடசந்தூர், வடமதுரை, நத்தம் பக்கத்து ஊர்களில் மில் வேனுக்குக் காத்து நிற்கும் பெண்களைப் பாருங்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்து சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கண்ணயர்வதற்குள் அடுத்த ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்கள். பஞ்சுத் தூசியையும் சூப்பர்வைசரின் ஏச்சையும் ஒருசேர விழுங்குகிறவர்கள். இவர்களுக்கா தாங்கும் சக்தி போதவில்லை? அளவுக்கு மேல் தாங்கியதுதான் இங்கே நோய்.

2021 ஜனவரியில், இந்த மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பல மாதங்களாகத் தொல்லை கொடுத்துவந்தார் என்றது குடும்பம். அந்தப் பெண்ணுக்கு எந்த மூச்சுப் பயிற்சி உதவியிருக்கும்?

உதவக்கூடியது எது என்பதை அடுத்த ஆண்டே பெண்கள் காட்டினார்கள். அவர்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022 ஏப்ரலில் பாலியல் தொல்லையைத் தடுக்க ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பெரிய வாங்குநர்களும் தனித்தனியே கையெழுத்திட்டார்கள். 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகத் தொழிற்சங்கங்கள் இன்று பேசுவது அதைத்தான். 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், அவர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். புகார் சொன்னால் வேலை போகாது என்ற உறுதி எழுத்தில் வந்தது. ஆலை மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும் என்ற நிபந்தனையும் வந்தது. முதல் ஆண்டில் வந்த 185 புகார்களில் 182 தீர்ந்தன. அத்தனையும் அதற்கு முன்பு எங்கே இருந்தன? பெண்களின் நெஞ்சுக்குள்தான். அதைத்தான் 'மன அழுத்தம்' என்று பெயர் சூட்டி வகுப்பெடுக்கிறார்கள்.

தியானம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை பழகி நிம்மதி கண்டவர்கள் நம் ஊர்களில் ஏராளம். மேல்நாட்டில் இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்த ஜான் கபாட்-ஜின், 1979-ல் மாசசூசெட்ஸில் தீராத வலிக்காரர்களை வைத்துத்தான் தொடங்கினார். தீராத வலிக்கு அது சரி. டார்கெட் தீராத வலியா? ஒரு கையெழுத்தில் குறைக்கக்கூடியது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங் 2024-ல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனின் 46,336 ஊழியர்களின் பதில்களை அலசினார். மனவிழிப்பு, மனஉறுதிப் பயிற்சிகளில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. பயிற்சியாளருக்குக் கொடுத்த ஃபீஸ்தான் மிச்சம்.

ஆகவே மில் நிர்வாகிகளே, தியான வகுப்பு நடத்துங்கள். ஷிப்ட் நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல் நடத்துங்கள். அதற்கு முன்பு, பாலியல் தொல்லைப் புகார்க் குழுவை அமைத்த உத்தரவைப் பணியிடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டச் சொல்லும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள். யாரிடம் புகார் சொல்வது என்று நைட் ஷிப்ட் பெண்ணுக்கும் தெரிய வேண்டும்.