குளிர் நகரில் முதல் உத்தியோகம்

டொராண்டோ மாநகருக்குப் புதிதாகக் குடியேறுகிறவரிடம் உற்றாரும் நண்பரும் முதன்முதலில் விசாரிப்பது குளிரைப் பற்றித்தான். அந்த விசாரணையில் பிழை ஒன்றும் இல்லை. ஜனவரி மாதத்துச் சராசரி உஷ்ணநிலை பூஜ்யத்துக்கு நான்கைந்து டிகிரி கீழே நிற்பதோடு, காற்றும் சேர்ந்துகொண்டு மைனஸ் 28 டிகிரி போல உறைக்கும் நாட்களில், மூடாத தோல் அரைமணி நேரத்துக்குள் உறைந்துவிடக்கூடும். ஆயினும், அங்கே குடியேறியவர்கள் படும் கஷ்டங்களை நிதானமாக எடைபோட்டுப் பார்க்கும் எவரும், குளிரைவிடக் கொடியது முதல் உத்தியோகத்துக்காகக் காத்திருக்கும் காலமே என்ற முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

குளிரை அந்நகரம் தனி மனிதனின் தலைவிதியாக விட்டுவிடவில்லை. வாடகை வீட்டின் சொந்தக்காரர் குளிர்காலத்தில் வீட்டினுள் 21 டிகிரி வெப்பத்தையேனும் காத்துத் தரவேண்டும் என்று நகரசபை சட்டம் செய்திருக்கிறது. பனி பொழிந்த இரவிலேயே பனி வாரும் வண்டிகள் வீதியில் இறங்கி உப்பைத் தூவிச் செல்கின்றன. நகரின் மத்தியில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் நடைபாதை ஓடுகிறது. இவ்வாறு பொதுப் பாரமாக ஏற்கப்பட்டுவிட்ட காரணத்தால்தான், சென்னையிலிருந்தோ மணிலாவிலிருந்தோ வந்தவர், ஆடையை அடுக்கடுக்காக அணியவும் வழுக்கும் நடைபாதையில் அடிகளைச் சுருக்கி வைக்கவும் ஒரே பருவத்தில் பழகிக்கொண்டு, மறுவருஷம் வருகிறவருக்குத் தாமே உபதேசம் செய்யும் நிலையை அடைந்துவிடுகிறார்.

உத்தியோக விஷயத்தில் அத்தகைய ஏற்பாடு ஏதும் இல்லை என்பதைவிட, அரசாங்கமே தந்த ஓர் உறுதிமொழி அங்கே நிறைவேறாமல் போகிறது என்பதே என்னை அதிகம் வருத்துகிறது. 1967-ஆம் ஆண்டு முதல் கனடா தேசம், குடியேற விரும்புகிறவரின் கல்வி, பாஷை, வயது, தொழில் அநுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. 2013 முதல், தொழில் திறன் பெற்றோருக்கான பிரிவில் வெளிநாட்டுப் பட்டத்தை முன்கூட்டியே மதிப்பிட்டுச் சான்றிதழ் பெறுவதும் நிபந்தனையாயிற்று. இத்தனை பரீட்சைகளையும் கடந்து, வேலையை ராஜிநாமா செய்து, நகையையோ நிலத்தையோ விற்று வந்து இறங்கியவரிடம், ‘கனேடிய அநுபவம் உண்டா?’ என்று கேட்கிறார்கள். வேலை கிடைத்தால் அல்லவோ அந்த அநுபவம் உண்டாகும்? தேசம் எந்த யோக்கியதைக்காக அவரை அழைத்ததோ, அதே யோக்கியதையை அத்தேசத்து முதலாளிகள் செல்லாக்காசாக்குவது, அழைத்தவர்கள் பதில் சொல்லவேண்டிய அநியாயம்.

இது வெறும் மனத்தாங்கல் அன்று. ஃபிலிப் ஓரியோபுலோஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர், டொராண்டோ வட்டாரத்து விளம்பரங்களுக்குக் கற்பனையான ஆறாயிரம் விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆராய்ச்சியை 2009-இல் வெளியிட்டார். ஆங்கிலப் பெயரும் கனேடியக் கல்வியும் அநுபவமும் கொண்ட விண்ணப்பங்களில் நூற்றுக்கு 16-க்கு அழைப்பு வந்தது. சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயரும் அந்நாட்டுக் கல்வியும் அநுபவமும் கொண்டவற்றில் நூற்றுக்கு 5-க்கே வந்தது. பிரிட்டனிலிருந்து வந்தவராகக் காட்டப்பட்டவருக்கோ இந்தக் குறைவு இல்லை. அநுபவம் எங்கே பெறப்பட்டது என்பதோடு, பெற்றவர் யார் என்பதும் சேர்த்தே எடைபோடப்படுகிறது என்று இதிலிருந்து அநுமானிப்பது தவறாகாது.

குளிரும் வேலையின்மையும் ஒன்றையொன்று வளர்ப்பதைத்தான் வெளியிலிருப்போர் எளிதில் உணர்வதில்லை. முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் சேர்த்து முன்பணமாகக் கொடுத்து, ‘பேஸ்மென்ட்’ என்று எல்லோரும் சொல்லும் நிலவறை வீட்டில் குடிபுகுந்தவரின் கைப்பணம், குழந்தைகளுக்குக் கோட்டும் பூட்சும் வாங்கியதுமே பாதியாகிவிடுகிறது. வேறு வழியின்றி ஏஜென்சி மூலம் கிடங்கிலோ தொழிற்சாலையிலோ கூலிக்குச் சேர்ந்து, விடியுமுன் இருட்டில் பஸ்ஸுக்கு நின்று, டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிட்டபின் வீடு திரும்புகிறவருக்கு, விண்ணப்பம் எழுதவும் தம் துறையைச் சேர்ந்தவர்களைத் தேடிச் சென்று பார்க்கவும் நேரமும் இல்லை, தேகத்தில் தெம்பும் இல்லை. இப்படி ஓரிரு வருஷம் சென்றபின், ‘உம்முடைய தொழிலை விட்டு இவ்வளவு காலமாயிற்றே’ என்பது அவரை மறுக்கப் புதிய காரணமாகிவிடுகிறது. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, இன்று டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் கடையும் கோயிலுமாக வேரூன்றி நிற்கும் தமிழ்ச் சமூகத்தின் மூத்தோரில், ஊரில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த இடத்தில் உணவு விடுதிகளில் பாத்திரம் கழுவியோர் பலர். உயிர் தப்பி வந்த அவர்களுக்கு நேர்ந்ததே, மதிப்பெண் போட்டு அழைக்கப்பட்டோருக்கும் நேர்கிறது என்றால், அந்த மதிப்பெண்ணுக்குத்தான் அர்த்தம் என்ன?

முதலாளிகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. டொராண்டோவில் கட்டடத்தின் அஸ்திவாரத்தை, மண் உறையும் ஆழத்துக்கும் கீழே, ஏறத்தாழ 1.2 மீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். கூரையின் கணக்கில் பனியின் பளுவைச் சேர்க்கவேண்டும். இவை கோயம்புத்தூரில் இருபது வருஷம் பாலமும் மாடியும் கட்டிய பொறியாளருக்கும் புதியவையே. ஆனால், விசைகளின் சமநிலையை அறிந்தவர் உறைபனியின் கணக்கைச் சில வாரங்களில் அறிந்துகொள்வார். அதைக் கற்பிப்பது அமர்த்திக்கொண்டவரின் கடமை; அதையே காரணமாகக் காட்டி வாசலிலேயே திருப்பி அனுப்புவது எவ்விதத்திலும் நியாயமாகாது.

டொராண்டோ அடங்கிய ஒன்டாரியோ மாகாணம் இதை மெல்ல உணர்ந்து வருகிறது. கனேடிய அநுபவம் வேண்டும் என்ற நிபந்தனை பார்வைக்கே பாரபட்சமானது என்று மனித உரிமை ஆணையம் 2013-இல் கூறியது; பொறியாளர்களுக்கு உரிமம் வழங்கும் சபை, கனடாவில் 12 மாதம் பணியாற்றியிருக்க வேண்டும் என்ற விதியை 2023 மே மாதத்தில் கைவிட்டது; 2024-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத்தின்படி, பகிரங்க வேலை விளம்பரங்களில் கனேடிய அநுபவம் கேட்பது 2026 ஜனவரி 1 முதல் விலக்கப்பட்டது. இவை போற்றத்தக்கவை, போதுமானவை அல்ல. விளம்பரத்திலிருந்து நீக்கிய நிபந்தனையை, விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் மேஜையில் யாரும் அறியாமல் பிரயோகிக்கலாம். எனவே, யாரை அழைத்தோம், யாரை ஒதுக்கினோம் என்ற கணக்கைப் பெரிய ஸ்தாபனங்கள் ஆண்டுதோறும் அரசாங்கத்துக்குக் காட்டும்படி செய்வதும், தேர்ந்தெடுத்து அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தம் துறையிலேயே முதல் ஆறு மாதம் சம்பளத்தோடு பணிபுரிய இடம் கொடுத்து, அச்சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்பதும் அவசியம். மேலும், 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கு அந்த விளம்பரச் சட்டம் பொருந்தாது. புதிதாக வந்தவர் நேரில் சென்று கதவைத் தட்டத் துணிவது பெரும்பாலும் அத்தகைய சிறிய இடங்களில்தான் என்பதால், அந்த விலக்கை ரத்துசெய்வதே மாகாணச் சட்டசபை மேற்கொள்ளவேண்டிய அடுத்த திருத்தம்.