விருந்தும் விசாரணையும்



வலீமா விருந்து முடிந்த இரவில் பத்து வீடுகளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? "இறைச்சி கெட்டிருக்கும்" என்று யாரோ ஒருவர் தீர்ப்பளித்துவிடுவார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் பண்டாரியின் பெயர் ஊர் முழுவதும் கெட்டுவிடும். நோயுற்றவர்களை ஓடோடிச் சென்று விசாரிக்கும் நாம், அதே விருந்தை உண்டும் நலமாயிருப்போரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நோய்ப் பரவலை ஆராயும் கல்வி பயில்வோரிடமிருந்து இப்பிழையைக் களையும் பயிற்சி ஒன்று உண்டு. மாணவர்கள் வகுப்பறையில் அமர்ந்தவாறே ஒரு நோய்ப் பரவலைத் துப்பறிய வேண்டும்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழங்கிவரும் புகழ்பெற்ற பாடம், 1940 ஏப்ரல் 18 அன்று நியூயார்க் மாநிலத்தின் லைகோமிங் என்னும் சிற்றூரில் நடந்த தேவாலய விருந்தைப் பற்றியது. விருந்துக்கு வந்தோர் 80 பேர். விசாரிக்கப்பட்டோர் 75 பேர். நோயுற்றோர் 46 பேர். மாணவர்களிடம் முழுக் கதையையும் சொல்லிவிடுவதில்லை. செய்தி வந்துள்ளது, இனி எப்படி விசாரிப்பது என்பதை அவர்களே சிந்திக்க வேண்டும். அதற்கு விடை கண்ட பின்னரே, ஒவ்வொருவரும் உண்டது என்ன, எப்போது நோய் கண்டது என்ற பட்டியல் கைக்கு வரும்.

இனி உண்டவர், உண்ணாதவர் எனப் பிரித்து எண்ண வேண்டும். கீரை உண்ட 43 பேரில் 26 பேர் நோயுற்றனர். கீரையைத் தொடாத 32 பேரிலும் 20 பேர் நோயுற்றனர். ஆகவே கீரை குற்றமற்றது. வனிலா ஐஸ்கிரீம் உண்ட 54 பேரில் 43 பேருக்கு நோய். உண்ணாத 21 பேரில் மூவருக்கே நோய். நலமாயிருந்தோரைக் கேளாதிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது!

அவசரக்காரர்களுக்கு இதில் ஒரு பொறியும் உண்டு. சாக்லேட் ஐஸ்கிரீம் உண்டோரில் நோயுற்றவர் விகிதம், உண்ணாதோரைவிடக் குறைவு. அப்படியானால் சாக்லேட் மருந்தா? இல்லை. சாக்லேட்டை விடுத்து நோயுற்ற 20 பேரில் குறைந்தது 17 பேர் வனிலா உண்டவர்கள். வனிலா உண்ணாமலே நோயுற்ற அம்மூவரைப் பற்றியும் ஆசிரியர் விடாமல் கேட்பார். உண்டதை மறந்தனரோ? நோய்க்கு வேறு காரணமோ? கணக்குக்கு ஒத்துவராதவரைத் துடைத்தெறிய அங்கே அனுமதியில்லை. எனக்கு இப்பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கலவை, தேவாலயத்தின் நிலவறையில் ஓர் இரவு முழுவதும் வைக்கப்பட்டிருந்தது. ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி பெருக அந்த அவகாசம் போதும். அது உமிழ்ந்த நஞ்சு பின்னர் உறையவைப்பதால் அழிவதில்லை. ஐஸ்கிரீம் தயாரித்த குடும்பத்தாரின் மூக்கு, தொண்டைச் சோதனையிலும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி காணப்பட்டது.

நாமாயிருந்தால் அக்கணமே அவர்களைக் குற்றவாளிகளாக்கியிருப்போம். ஆனால் புலனாய்வு செய்த மருத்துவரோ, அவரும் அப்போது பயிற்சியில் இருந்தவரே, அவ்வாறு எழுதவில்லை. நோய்க்குக் காரணம் வனிலா ஐஸ்கிரீம் என்று உறுதியாக எழுதினார். அதில் கிருமி புகுந்த வழி தெளிவாகவில்லை என்றும், அக்குடும்பத்தாருக்கும் அதற்கும் தொடர்புண்டென்பது வெறும் ஊகமே என்றும் எழுதி அறிக்கையை முடித்தார்.